ரெண்டாம் பிரதிவாதி

செல்லக்கனி: ...அதாம் சொல்லுகேன், அந்தப் பத்து சென்ட் தென்னந்தோப்பு ஒனக்க பிராதுல இல்லட்டி அபிதா.

அபிதா: அம்மா, கோர்ட்டு வாசல்ல நீ எங்கிட்டப் பேசப்பிடாது. நான் வாதி, நீ பிரதிவாதி.

செல்லக்கனி: ரெண்டாம் பிரதிவாதி. பெத்தவளுக்கு நீ தந்த பட்டமாக்கும்.

அபிதா: பின்ன? அப்பா சொத்துல எனக்கும் பங்கு உண்டு, எங்கூட நில்லுன்னு காலப் பிடிச்சேன். நீ அண்ணன் வீட்டு அடுக்களைக்குள்ள போய்ட்ட.

செல்லக்கனி: அவனுக்குச் சோறு வடிச்சா அவனுக்க கட்சியா?

அபிதா: "ஒன்னிய காலேஜ் படிக்க வச்சோம்லா, அதாம் ஒனக்க பங்கு"ங்கான். ஸ்காலர்ஷிப்புல படிச்சவ நான்! இவன் என்னத்தப் படிக்க வச்சான்?

செல்லக்கனி: கத்தாத, அந்தா வக்கீலெல்லாம் பாக்காவ. தோப்பக் கேளு. நீ ஹாஸ்டல்ல கெடக்கும்போ ஒங்கப்பா ஆரல்வாய்மொழில வாங்கினது. கரண்டு எடுக்க காத்தாடிக்கு நேர் கீழ.

அபிதா: எங்கிட்ட ஆருமே சொல்லல்லியே!

செல்லக்கனி: ஒங்கண்ணன் ராஜகுமாரு நேத்து போன்ல ஆருட்டயோ சொல்லிச் சிரிச்சான். சொத்து முழுசையும் காட்டாமப் பாகம் கேட்டா கேஸு நிக்காதாமே... அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல மக்கா.

அபிதா: அடப்பாவி! இன்னைக்கே பிராதத் திருத்த மனு போடணும். தோப்பையும் சேத்துரணும்... ஆமா, மகனுக்க ரகசியத்த எனக்கு எதுக்குச் சொல்லித் தாற?

செல்லக்கனி: திருத்தத்தான போற... எனக்க பேரையும் திருத்திரு.

அபிதா: என்னான்னு?

செல்லக்கனி: ஒனக்க பேருக்குக் கீழ எழுது. ரெண்டாம் வாதி.

அபிதா: அம்மா...! அண்ணனுக்குத் தெரிஞ்சா?

செல்லக்கனி: அவந்தான் பைக்குல கொண்டு விட்டான். அந்தா எதுத்தாப்ல இருக்க கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிருக்கேன்.

அபிதா: முதலாம் பிரதிவாதியே கொண்டு விட்டானா! ஐயோ, சிரிச்சு வயிறு வலிக்கு... இந்தா பேனா. இந்தப் பேப்பர்ல ஒப்பு போடு. தோப்ப நான் தனியா எழுதிச் சேக்கேன்.

செல்லக்கனி: நில்லுட்டி... இதுல எனக்க பேரு ரெண்டாம் வாதின்னு முன்னமே அடிச்சுல்லா இருக்கு! எப்பம் அடிச்ச?

அபிதா: கேஸு போட்ட மறுநாளே. நானா வந்து நீட்டினா, எனக்குக் கோவம் தீந்துட்டுன்னு நீ நெனைச்சிருவியே!