பிரிஞ்சிருக்கலாம், அவ்வளவுதான்

ஹலோ... அண்ணே, மகேஸ்வரி பேசறேன்... ஆமா, ஆமா, ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்லதான் நிக்கறேன். தபன் டாக்ஸி புடிக்கப் போயிருக்கார்... என்னத்த வாழ்த்து? எங்க கல்யாண மனுவத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

கோர்ட் பேப்பர்தான்... ஆறு வருஷமா பீரோவுல பூட்டி வெச்சிருந்தேனே, அதேதான். "தீதி, ஏட்டா டிவோர்ஸ் நொய்"னாங்க அந்த ஆபீசரம்மா. அது டைவர்ஸ் இல்லையாம் அண்ணே. ஜூடிஷியல் செபரேஷனாம்... ம், தனித்தனியா இருந்துக்கலாம்னு கோர்ட்டு கொடுத்த அனுமதி. கல்யாணம் அப்படியே இருக்காம். சட்டப்படி நான் இன்னும் அந்த சிவராஜ் பொண்டாட்டி! தபன் மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு.

என்ன, ரெண்டும் ஒண்ணுதானேங்கறியா? அன்னிக்கும் இதத்தான் சொன்ன.

இரு, இரு... வக்கீல் மாமா மேல பழி போடாத. இப்பதான் அவர்கிட்ட பேசினேன். "உங்கண்ணன்தான் செபரேஷன் போதும்னான்"னார்...

ஆமா, ஆமா, பெஹாலாவுல உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தாங்க. டைவர்ஸ் ஆன தங்கச்சி இருந்தா குடுக்க மாட்டாங்க. அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? அந்தாளு முறுக்கின கை, கட்டோட இருந்துது. நீ காட்டின இடத்துல எல்லாம் இடது கையால கையெழுத்து போட்டேன். படிச்சுக்கூடப் பாக்கல, பாவி நான்...

அழல. கேளு. இப்ப டைவர்ஸுக்கு மனு போடலாமாம். தீர்ப்புக்கப்புறம் சேந்து வாழலன்னு காட்டணும். மாமா உடனே அவனுக்கு ஃபோன் போட்டுப் பாத்தார்... எங்க ஒத்துக்கறான்? சேந்துதான் இருந்தோம்னு உன் கல்யாண ஃபோட்டோவ கோர்ட்டுல காட்டுவானாம்... ஆமா, அதுதான். உன் மாமனார் வீட்டுக்காரங்க பாக்கணும்னு அவனக் கூட்டிட்டு வந்து என் பக்கத்துல நிறுத்தி, சிரிக்கச் சொன்னியே!

நீ அலிப்பூர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லணும். நான்தான் நிறுத்தினேன், அன்னிக்கு ராத்திரியே அவ டாலிகஞ்ச் ரூமுக்குத் தனியாப் போயிட்டான்னு... தெரியட்டுமே. அண்ணிக்குத் தெரிஞ்சா என்ன?... யோசிச்சு சொல்றியா? எனக்கு நாப்பத்தோரு வயசு அண்ணே...

என்ன சொன்ன?... இந்த வயசுல எதுக்கா?

சரி. நீயா வர வேணாம். சம்மன் வரும். பகல்லதான் கொண்டு வருவாங்க, நீ ஆபீஸ்ல இருப்ப. அண்ணி வாங்கிப் படிப்பாங்க... இல்ல, டாக்ஸி வந்துடுச்சு. வெக்கறேன்.