எங்கள் ஜன்னலின் வெளிச்சம்

நான் ஏன் கதவைத் திறக்கவில்லை?

தகரக் கூரையில் இடி. ஒன்று. மூன்று. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. குண்டு என்று நினைக்கிறேன். ஜெனியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைகிறேன். அவளுக்கு நான்கு வயது. பலகைத் தரை ஈரம். கூரையில் விழுந்தது உருளுகிறது. வாசலில் விழுகிறது. குண்டு அப்படி உருளாது. கல்.

1971 டிசம்பர் ஏழு. செவ்வாய். போர் தொடங்கி ஐந்தாம் நாள். அந்தமான், பாம்பூஃப்ளாட். மாலை ஆறே முக்கால்.

"பத்தி புஜாவ்! பத்தி புஜாவ்!"

விளக்கை அணைக்கச் சொல்லிக் கீழே கரைப் பாதையிலிருந்து கத்துகிறார்கள். விளக்கு ஏற்கெனவே அணைந்துவிட்டது. அணைத்தது நான்.

நடந்தது இதுதான். ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதியது. அதன் பிறகு துறைமுகம் பார்த்த எந்த வீட்டிலும் வெளிச்சம் தெரியக் கூடாது. அது உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பாதிரி ஐயரும் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவது விசுவாசியின் கடமை. நான் கீழ்ப்படிந்தேன். ஜன்னலில் இரட்டைக் கோணி அடித்தேன். லாந்தருக்குப் பழுப்புக் காகிதம் சுற்றினேன். எங்கள் வரிசைக்கு இருட்டடிப்பு வார்டன், சபையில் பாட்டு நடத்தும் தங்கையா அண்ணன். என் ஜன்னலைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார். "டீச்சரம்மா வீட்டைப் பாத்துக் கத்துக்கோங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆறரைக்குக் குடும்ப ஜெபம். என் கணவருக்கு அரசு ஃபெர்ரியில் டியூட்டி. நானும் ஜெனியும் மட்டும். வேதம் வாசிக்க லாந்தரின் காகிதத்தை எடுத்தேன். கோணி இருக்கிறதே என்ற தைரியம். வாசித்தோம். கண்களை மூடினோம். ஆமென் சொல்லும்வரை கண் திறக்கக் கூடாது. அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தேன். காற்று அடித்தது. பாதி ஜெபத்தில் ஜெனி, "அம்மா, கோணி" என்றாள். அவள் தொடையில் ஒரு தட்டு தட்டினேன். ஜெபத்தைத் தொடர்ந்தேன். அன்று நீண்ட ஜெபம். சிப்பாய்களுக்காக. ஆட்சியாளர்களுக்காக. அயலாருக்காக.

ஆமென். கண் திறந்தேன். ஆணி பிடுங்கிக்கொண்டு கோணி தரையில் கிடந்தது. ஜன்னல் முழுக்க வெளிச்சம்.

அணைத்தேன். கோணியைத் தூக்கி மாட்டினேன். அப்போதுதான் கல்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே கூரை. நடுவில் ஒரு பலகைச் சுவர். கரையிலிருந்து பார்த்தால் எந்த ஜன்னல் என்று தெரியாது. அடுத்த வீட்டில் மொய்தீன் பாய், அவர் மனைவி நபீசா, கைக்குழந்தை. பாய் துறைமுகத்தில் டிங்கிப் படகு ஓட்டுகிறவர்.

பலகை வழியாக எல்லாம் கேட்கிறது.

"டீச்சர் வீடா இருக்காது. பாய் வீடுதான்."

"என்ன பாய், பாகிஸ்தான் கப்பலுக்கு விருந்தா? வழி காட்டுறியா?"

சிரிக்கிறார்கள். முதல் குரல் தங்கையா அண்ணனுடையது. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடாக வரும் அதே குரல்.

"தேல் இல்ல, அண்ணே. வீட்ல சொட்டுத் தேல் இல்ல. விளக்கே ஏத்தல."

மொய்தீன் பாய் சொல்வது உண்மை. எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் நபீசா என்னிடம் அரை பாட்டில் மண்ணெண்ணெய் கேட்டாள். எங்கள் ஜெபத்துக்கு வேண்டுமே என்று, இல்லை என்றுவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிறேன். ஜெனி கேட்கிறாள். "நம்ம லைட்டுதானேம்மா?" அவள் வாயைப் பொத்துகிறேன். கதவு ஆறடி தூரம். பக்கத்தில் பலகை உடைகிறது. நபீசா ஒரு முறை கத்துகிறாள். பிறகு குழந்தை மட்டும் அழுகிறது.

எட்டு மணிக்கு என் கணவர் வந்தார். வெளிச்சம் நம்முடையது, போலீசில் சொல்ல வேண்டும் என்றேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "உனக்கு நல்லவ பேரு வேணும். எனக்கு வேலை வேணாமா? போய்ச் சோத்தப் போடு."

போட்டேன்.

மூன்றாம் நாள் ஜெனியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் சௌக்கிக்குப் போனேன். வெளிச்சம் எங்களுடையது என்றேன். சிப்பாய் பேனாவை எடுக்கவே இல்லை. "கிதாப்ல பாய் பேரு ஏறிடுச்சு, மேம்சாப். நீங்க எதுக்கு இதுல? கர் ஜாவ்." வீட்டுக்குப் போ என்றதும் வந்துவிட்டேன். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். வாசலிலேயே உட்கார்ந்திருக்கலாம். திரும்பி வரும் வழியில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. சொல்லிவிட்டேன் அல்லவா.

அதற்குள் மொய்தீன் பாய் குடும்பம் தீவின் அந்தப் பக்கம் வண்டூருக்குப் போய்விட்டது. நபீசாவின் அண்ணன் வீட்டுக்கு. போர் டிசம்பர் பதினாறில் முடிந்தது. எங்கள் கரையில் எதிரியின் குண்டு ஒன்றுகூட விழவில்லை. சபையில் நன்றி ஆராதனை நடந்தது. தங்கையா அண்ணன் பாட்டு நடத்தினார். நானும் பாடினேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுப்பது நான். பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சி என்ற இடம் வரும்போது ஜெனி என் முகத்தைப் பார்க்கிறாள்.

மூன்று வருடம் ஆகிறது. மொய்தீன் பாய் துறைமுக பாஸ் கேட்டு மறுபடியும் மனு போட்டிருக்கிறாராம். சௌக்கியின் பழைய குறிப்பு குறுக்கே நிற்கிறதாம். நடந்ததைத் துறைமுக அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். என் வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. என் கணவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

கணக்கு இது. தகரம், நான்கு தாள். கதவு ஒன்று. டிங்கி ஒன்று, கரையில் வைத்தே கொளுத்தினார்கள். மறுநாள் காலை வாசலில் ஜெனி பொறுக்கிய கற்கள் முப்பத்தொன்று. ஒரு குடும்பத்தின் நல்ல பேர். நபீசாவின் இடது கண். எங்கள் பக்கம், ஒரு ஆணி.

வாசிக்கிறவர்களே, உங்களைக் கேட்கிறேன். கடிதத்தை அனுப்பிவிட்டு வண்டூர் போகவா, நபீசாவைப் பார்த்துவிட்டு அனுப்பவா? அவள் கதவைத் திறந்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.