பின்னால் நின்றவன்

பழைய காரின் பிரேக் விளக்கைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும், ஐயா. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று எரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். கண் தெரிந்த எவனும் செய்யக்கூடிய வேலை.

எங்கள் பட்டறையில் மிதிப்பவன் என் தம்பி. பின்னால் நிற்பவன் நான். அப்பா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். வண்டி வயரிங் வேலையைக் கற்றுக் கொடுத்ததும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடம் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுச் சாவியை அவனிடம் கொடுப்பார்கள். 'கைராசி' என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். எனக்குப் பட்டப்பெயர் ஒன்றும் இல்லை.

அந்த நர்ஸம்மாவின் காரை முதலில் பார்த்தது நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் விட்டுப்போன கார், வயது முப்பதுக்கு மேல். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியாது, இண்டிகேட்டர் மட்டும் லேசாக மினுக்கும். பல்பு மாற்றினேன். ஃபியூஸ் மாற்றினேன். பெடலுக்கு மேலிருக்கும் சுவிட்சையும் மாற்றினேன். மூன்று நாளில் பாதி வயரை உருவிப் போட்டதுதான் மிச்சம். நான்காம் நாள், வெளியூர் போயிருந்த தம்பி வந்தான். டிக்கியைத் திறந்து, எர்த் வயரை பாடியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூவை ஒரு விரலால் தொட்டான்.

"துரு ஏறியிருக்குண்ணே. கரண்ட் திரும்பிப் போக வழியில்ல. அதான் இண்டிகேட்டர் வழியா சுத்திக்கிட்டுப் போகுது."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டயர் கடைக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். "பெரியவரு மூணு நாளா இந்தக் காருக்குள்ளயே குடித்தனம் நடத்துனாரே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்தாலும் எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

தம்பி உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனான். வந்ததும் இன்னொரு முறை சோதித்தான். கடைசியாக ஒரு தடவை பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டான், அது அவன் வழக்கம். உள்ளே உட்கார்ந்து மிதித்தான்.

"எரியுதாண்ணே?"

"எரியுது."

எரியவில்லை. நீங்கள் கேட்டது அதைத்தானே, சொல்லிவிட்டேன்.

உங்கள் மேசைமேல் இருக்கும் வயர்த் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தானாக அறுந்ததல்ல. தம்பி சாப்பிடப் போயிருந்தபோது மேலுறையைப் பின்னால் தள்ளி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை மட்டும் நறுக்கி, உறையைப் பழையபடி இழுத்து மூடினேன். வெளியே பார்த்தால் முழு வயர்தான். தம்பியே குனிந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அத்தனை சுத்தமாகச் செய்ய எல்லோருக்கும் வராது, ஐயா.

வண்டி இரண்டு நாளில் திரும்பி வரும். கைராசிக்காரன் கையும் சறுக்கும் என்று நாலு பேர் பேசுவார்கள். நானே கண்டுபிடித்துச் சரி செய்து கொடுப்பேன். இவ்வளவுதான் ஆசைப்பட்டேன். நர்ஸம்மா பகலில்தானே ஓட்டுவார் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்று சொல்வதும் சரியில்லை. சாயங்காலம் சாவி வாங்க வந்தபோது அவரே சொன்னார். "நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பணும்ப்பா. பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்கு. பனி வேற கண்ண மறைக்குது. பின்னாடி லைட்டு இல்லாம எப்படிப் போறதுன்னு பயந்துகிட்டே இருந்தேன்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருப்பா என்றார். தம்பி கையை அல்ல, என் கையை. அந்த நேரத்தில் வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த லாரி மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. முன்னால் கார் நிற்பதே தெரியவில்லை என்று லாரிக்காரர் சொன்னது உண்மைதான். அவரை விட்டுவிடுங்கள், பாவம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. தெருவில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் பின்விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன். அந்த அம்மா பிடித்த கையை எத்தனை தடவை கழுவினாலும் போதவில்லை. செய்தது பாவம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று நீங்கள் பிடித்துப்போன தம்பி கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். பின்னால் யாரும் நிற்கவில்லை, பின்சுவரில் இருந்த கண்ணாடியில் தானே பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறான். எங்கள் பட்டறைக்குப் பின்னால் கண்ணாடி ஏது? வெறும் செங்கல் சுவர். அண்ணனை இதில் இழுத்துவிடக் கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பொய் சொல்லவும் சரியாக வராது.

போன வாரம் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். இளைத்திருந்தான். வீட்டைப் பற்றி, பட்டறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கு நெஜமாவே எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுடா," என்றேன்.

"அப்போ என் கைதான் சரியில்ல." இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். இனிமேல் வயரைத் தொடவே மாட்டேன் என்றான்.

அவன் மனசு உடைந்துவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன், ஐயா. அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.