முகேஷ் பேர்ல ஒரு முட்டி

இல்ல டாக்டரம்மா, நீங்க பைல்ல பாக்கறீங்களே, அந்த முட்டி எங்க தம்பிது இல்ல. பேரு அவன் பேருதான். அப்பா பேரு, வயசு, டிபார்ட்மெண்ட்டு எல்லாம் அவனுதுதான். முட்டி மட்டும் வேற ஆளுது.

வெளாட்டுக்குச் சொல்லலம்மா. பயத்துல எனக்கு வாய் இளிக்குது, அவ்ளோதான். ஒக்காரலாமா? தேங்க்ஸ்மா. நர்ஸம்மாதான் சொல்லிச்சி, டாக்டரு மல்லேஸ்வரம், ஊட்ல தமிழுதான், தமிழ்லயே பேசுன்னு. கன்னடத்துலயும் சொல்லுவேன். ஆனா இதைச் சொல்ல தமிழ்லதான் வாய் வரும்.

நான் காந்தா. முகேஷோட அக்கா. ஆம்பள வார்டுல கடைசி பெட்டுல வலது கால் நசுங்கிக் கெடக்கறானே, அவனுக்கு அக்கா. எங்கம்மா போனதுலேர்ந்து அம்மாவும் நான்தான். கிரேன் செயின் அறுந்து, தகடு அடிக்கற அவ்ளோ பெரிய இரும்பு டை அவன் கால் மேல உழுந்திச்சி, ஷிப்டு மொத்தம் பாத்துச்சி. இப்ப ஆபீஸ்ல என்னா சொல்றாங்க? ஏழு வருஷம் முன்ன இதே கம்பெனி ஆஸ்பத்திரில இதே வலது முட்டில ஆபரேஷன் ஆயிருக்கு, முட்டி வீக்கு, அதான் சட்டுனு நகர முடியாம மாட்டிக்கினான், மறைச்சு வேலை செஞ்சது அவன் தப்புன்றாங்க. நீங்க சாயந்திரம் ரிப்போர்ட்டுல பழைய அடின்னு எழுதிட்டீங்கன்னா அவனுக்கு வேலையும் இல்ல, வைத்தியமும் இல்ல. அந்தக் கால் நிக்குமான்னே நீங்க இன்னும் சொல்லல. அதுக்குத்தான் வந்து ஒக்காந்திருக்கேன்.

தழும்பு இருக்கா இல்லையான்னு பாத்துடலாமே, அப்படியா? எங்கம்மா பாப்பீங்க? அந்த முட்டில முழுசா தோலு இருக்கற எடம் ஒண்ணு காட்டுங்க. நான் நேத்து துணி மாத்தும்போது பாத்தேன்.

அந்தப் பைல்ல இருக்கற முட்டி என் ஊட்டுக்காரருது. அசோகன். ஆமாம்மா, உங்க பேக்டரி டீமுக்கு கோச்சா இருக்காரே, அவரேதான். இல்ல, கோச் வேலை அப்புறம்தான் வந்திச்சி. அந்த ஆபரேஷன் நடக்கும்போது அவருக்கும் இந்தக் கம்பெனிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. சொல்றேன், முதல்லேர்ந்து சொல்றேன்.

நாங்க அல்சூர்ல கௌதமபுரம். எங்க ஏரியால கொழந்த நடக்கறதுக்கு முன்ன பந்தை ஒதைக்கும். அவரு ரைட் விங்கு. தொண்ணூத்தஞ்சுல கோவாலேர்ந்து ஒரு கிளப்காரங்க வந்து பாத்து, ரெண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் போட்டாங்க. எங்க தெருவுல பிளேன் ஏறுன மொத ஆளு அவருதான். கல்யாணம் ஆயி ஆறு மாசம் எனக்கு. பந்தால சோறு துன்னலாம்னு அன்னிக்குத்தான் எங்கப்பா நம்புனாரு.

அந்தக் கான்ட்ராக்ட்ல ரெண்டு விஷயம் இருந்திச்சி. லீவுல ஊருக்குப் போனா வெளி மேட்ச் எதுவும் ஆடக்கூடாது. கிளப்புக்காக ஆடும்போது அடிபட்டா கிளப்பு பாத்துக்கும், ஆபரேஷன், சம்பளம் எல்லாம். வேற எங்கயாச்சும் அடிபட்டா அன்னியோட கான்ட்ராக்ட் செல்லாது. இங்கிலீஷ்ல இருந்திச்சி, எங்க சர்ச்சு பக்கத்து ஸ்கூல் வாத்தியாரு படிச்சு அர்த்தம் சொன்னாரு. தெரியாம செஞ்சாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

மொத சீசன் முடிச்சிக்கினு வந்தாரு. அப்ப எங்க தெருவுல அம்பேத்கர் ஜெயந்தி டோர்னமெண்ட்டு. பைனலுக்கு எங்க டீம்ல ஒருத்தனுக்கு மஞ்சக்காமாலை. சிரில்னு கேப்டன், இவரு கூடச் சின்ன வயசுலேர்ந்து ஆடுனவன், வாசல்ல வந்து நிக்கறான். உள்ள வாடான்னா வரல. உனக்கு மொத ஷூ வாங்கிக் குடுத்தது இந்தத் தெருதானே அசோகான்னு மட்டும் கேட்டான். அவ்ளோதாம்மா. அதுக்கு மேல எந்த மனுஷன் ஊட்டுக்குள்ள ஒக்காருவான்? நானும் போகாதன்னு சொல்லல. சொல்லியிருந்தா அந்தத் தெருவுல நான் குழாயடிக்குப் போக முடியாது.

இதெல்லாம் எங்க பக்கம் புதுசு இல்லம்மா. கம்பெனி டீம், கிளப் டீம்னு போயிருக்கறவங்க ஊர் டோர்னமெண்ட்டுல வேற ஆள் பேர்ல எறங்குவாங்க. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வெளிய சொல்ல மாட்டாங்க. முகேஷு சும்மா பேருக்கு டீம்ல இருந்தான், பந்து வந்தா கண்ணை மூடிக்குவான். அவன் பேர்ல இவரு எறங்குனாரு. மைக்ல பேசறவன், முகேஷ் பந்தை எடுக்கறாரு, முகேஷ் ரெண்டு பேரை தாண்டறாருன்றான், மொத்த கிரவுண்டும் உழுந்து உழுந்து சிரிக்குது. நெஜ முகேஷு கோல் போஸ்ட் பின்னால நின்னுக்கினு எல்லாருக்கும் கும்புடு போடறான். நானும்தான் சிரிச்சேன்.

யாரும் இடிக்கலம்மா. அதான் எனக்கு இன்னும் ஆறல. ஒருத்தன் இடிச்சிருந்தா அவனைத் திட்டிக்கினாவது காலத்த ஓட்டியிருப்பேன். பந்தை எடுத்துக்கினு திரும்புனாரு, கால் மண்ணுல மாட்டிக்கிச்சி, ஒடம்பு மட்டும் திரும்பிச்சி. மைக்ல, முகேஷுக்கு அடிபட்டிருக்குன்னு சொன்னான். அப்ப சிரிப்பு நின்னுபோச்சி.

ஆஸ்பத்திரிக்கா? எப்படிப் போறது? கோவாக்காரங்களுக்கு இங்க நூறு ஆளு. ஆஸ்பத்திரில பேரு போட்டா காதுக்குப் போயிடும். புத்தூர் கட்டு போட்டோம், சிவாஜிநகர்ல. எலும்பா இருந்தா கூடியிருக்கும்மா. இது உள்ள ஜவ்வு. மேல எத்தினி கட்டு கட்டி என்ன? வீக்கம் எறங்குச்சி, நேரா நடந்தாரு. திரும்புனா முட்டி நழுவும். படியில ஒரு நாள் சரிஞ்சு என் தோளைப் புடிச்சாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கல.

ஜூலைல கோவாக்குப் போவணும். போறதுக்கு மொத நாள் ஒரு கணக்கு சொன்னாரு என் கிட்ட. கிளப் கிரவுண்டுல உழுந்தா அது கிளப்போட காலு காந்தான்னாரு. எனக்குப் புரியல. புரிஞ்சப்போ அவரு காலைப் புடிச்சிக்கினு அழுதேன். ஒரு மனுஷன் தன் காலைத் தானே ஒடைச்சிக்கறதுக்கு டிக்கெட் எடுத்துக்கினு போறாரு, நான் அவருக்கு புளிசோறு கட்டிக் குடுக்கறேன். என் பொழப்பைப் பாருங்க.

போனாரு, செஞ்சாரு. பிராக்டீஸ்ல தனக்கு வராத பந்துக்கு எகிறி, எல்லாரும் பாக்க உழுந்தாரு. அவங்க டாக்டரு வந்து முட்டியத் தொடவே இல்லியாம். தொடையப் புடிச்சுப் பாத்தாராம். ரெண்டு தொடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு. வலது தொடை எளச்சிருக்கு, நேத்து அடிபட்டவனுக்குத் தொடை எளைக்காதுப்பா, இது மாசக் கணக்கா ஆடாத காலுன்னுட்டாராம். உங்களுக்கு இதெல்லாம் தெரியும். எங்களுக்குத் தெரியல. முட்டிய மறைக்கத் தெரிஞ்சவருக்குத் தொடையப் பத்தித் தோணல.

கான்ட்ராக்ட் அன்னிக்கே போச்சி. எங்கப்பா அம்பத்தெட்டு வயசுல ரிட்டயர் ஆனாரு, மாலை போட்டு வண்டியில கொண்டாந்து உட்டாங்க. இவரு இருவத்தி நாலு வயசுல ரிட்டயர் ஆயி பஸ்ல வந்து எறங்குனாரு, கையில ஷூ.

தெருவுல என்னா சொன்னோமா? இங்க பட்ட அடி கட்டுலயே சரியாயிடுச்சி, அப்புறம் கோவால கிளப்புக்காக ஆடி உழுந்தாருன்னு சொன்னோம். ஒரு விதத்துல அது பொய் இல்ல பாருங்க. சால்வை போட்டாங்க. சிரிலுக்கும் டீம் பசங்களுக்கும் உண்மை தெரியும், வாயே தொறக்கல. அவங்களுக்கும் அது உறுத்துது போல.

ஆமாம்மா, ஆபரேஷனுக்கு வரேன். வெளிய காசு குடுத்து செய்ய எங்களால ஆவல. முகேஷு அப்பத்தான் இந்தப் பேக்டரில சேந்திருந்தான், அவன் கார்டுக்கு இங்க வைத்தியம் ப்ரீ. அவன்தான் சொன்னான், என் பேர்ல ஆடுனீங்க, என் பேர்லயே ஆபரேஷன் பண்ணிக்கங்க மாமான்னு. ஏதோ சட்டை எரவல் குடுக்கற மாதிரி சொன்னான். அப்ப ஆஸ்பத்திரி கார்டுல போட்டோ கெடையாது. இவரு இங்க படுத்தாரு. முகேஷு சந்தாபுரால எங்க சித்தி ஊட்ல, அவன்தானே பேஷண்ட்டு, வெளிய தலை காட்ட முடியாது. ஊட்டுக்குள்ளயே ஒக்காந்து சித்திக்கு வெங்காயம் உரிச்சான்.

நான் இங்க கூட இருந்தேன். அக்கான்னு சொல்லிக்கினு. எங்கள்ல புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம்மா. இப்பதான் உங்க கிட்ட சொன்னேன், அதுவும் பைலுக்காக. ஆனா இந்த வார்டுல, நர்ஸுங்க முன்னால, டேய் முகேசு, கஞ்சி குடிடான்னு சொல்லணும். மொத நாள் எனக்கு வாயே வரல. அவருதான் மெதுவா, சொல்லு காந்தா, சந்தேகப்படுவாங்கன்னாரு. அப்புறம் பழகிப் போச்சி. மயக்கத்துலேர்ந்து முழிக்கும்போது டாக்டரு உன் பேரு என்னாப்பான்னு கேட்டாரு. இவரு கண்ணைத் தொறக்காமலே முகேஷுன்னாரு. அன்னிக்கு வெளிய போயி வராண்டால நின்னு அழுதேன். சொந்தப் பேரும் போயிடுச்சேன்னு.

ஜவ்வைத் தெச்சாங்க. நடக்கலாம், ஓட முடியாது. நாலு வருஷம் மூட்டை தூக்குற எடத்துல டோக்கன் குடுத்தாரு, சினிமா தியேட்டர்ல டார்ச் அடிச்சாரு. அப்புறம் உங்க கம்பெனி டீமுக்கு கோச் தேடறாங்கன்னு முகேஷுதான் சேதி கொண்டாந்தான். கோவா பிளேயரு, கிளப்புக்காக அடிபட்டவருன்னு மரியாதையா எடுத்துக்கினாங்க. அப்பத்தான் எங்க ஊட்ல திரும்ப சிரிப்பு வந்திச்சி. இருட்டு பிரியறதுக்குள்ள எழுந்து கிரவுண்டுக்கு ஓடுவாரு. ஓடுவாருன்னா, பஸ் புடிச்சுப் போவாரு.

பட்ட காலிலே படும்னு சொல்லுவாங்க. இங்க பட்டது ஒரு காலு, திரும்பப் பட்டது இன்னொருத்தன் காலு. முகேஷு வாயைத் தொறக்க மாட்றான்மா. ஆபீஸ்காரங்க, ஏன்டா பழைய ஆபரேஷனை மறைச்சன்னு பெட்டுகிட்ட வந்து கேக்கறாங்க, மன்னிச்சிடுங்க சார்ன்றான். அது அவன் முட்டியே இல்ல சாருன்னு நான் கத்தப் போனேன், என் கையைப் புடிச்சு அழுத்தறான். மாமா வேலை போயிடும்க்கா, அவருக்கு வேற என்னா தெரியும்னு கேக்கறான். கால் போற வலியில கெடக்கறவன் கேக்கறான் இதை.

இல்ல, தண்ணி வேணாம். பேசி முடிச்சிடறேன்.

கேஸ் ஆவுமா? ஆவும்மா, தெரியும். ஆள் மாறாட்டம்னு சொல்லுவாங்க. முகேஷும் கார்டு குடுத்தவன், அவனையும் கேப்பாங்க. கேக்கட்டும். குடுத்த தப்புக்கு என்னா உண்டோ அதை அவன் வாங்கிக்கட்டும். அவன் முட்டி வீக்குன்னு மட்டும் எழுதாதீங்க. அது கல்லு மாதிரி முட்டிம்மா, ஒரு நாளு ஒரு பந்து பட்டதில்ல.

உங்க ஊட்டுக்காரரு இதுக்கு ஒத்துக்குவாரான்றீங்களா? வேலை போனா என்னா பண்ணுவீங்கன்றீங்க.

தப்பா நெனச்சிக்கினீங்கம்மா. தம்பிக்காக புருஷனைக் காட்டிக் குடுக்க நான் வந்திருக்கேன்னு நெனச்சிட்டீங்க. எனக்கு அவ்ளோ தைரியம் இல்ல. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது. மூணு நாளா நான்தான் அவருக்குத் தடுப்பு போட்டுக்கினு இருந்தேன். வேணாம், பேசாம இருங்க, முகேஷே ஒண்ணும் சொல்லல, நமக்கு என்னான்னு கேட்டேன். கூடப் பொறந்தவனை வெச்சிக்கினு அப்படிக் கேட்டேன். அவருதான் இன்னிக்கு காலைல பிராக்டீஸ் முடிச்சு, பசங்களை ஒக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லி, விசிலைக் கழட்டி ஆபீஸ்ல குடுத்துட்டு ஊட்டுக்கு வந்தாரு. எனக்குப் பேச வராது காந்தா, நீ சொல்லு, நான் காட்டறேன்னாரு.

வராண்டால ஒருத்தரு பேண்ட்டை முட்டிக்கு மேல சுருட்டி உட்டுக்கினு ஒக்காந்திருக்காரு பாருங்க. வாட்ச்மேன் கூட, கோச் சார், ஏன் சார் இப்படின்னு கேட்டுட்டுப் போனான். அவருதான். கூப்பிடறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, அங்கேர்ந்து இங்க நடந்து வர அவருக்கு நேரம் ஆவும்.