சாவு வீட்டில் சொன்ன சொல்

மாலை ஆறரை மணி. நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே பிரிந்து போகிற ஒரு மண்பாதை... இரண்டு பக்கமும் மாந்தோப்பு. ஒரு வீடு கிடையாது, ஒரு தெருவிளக்கு கிடையாது. கரண்ட் வந்ததும் சொல்கிறேன் என்றால் நீங்களும் விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, நெருங்கி உட்காருங்கள். அந்த செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். இது என் தோழி சோபனாவின் பெரியம்மாவுக்கு நடந்தது.

பெரியம்மா பெயர் சகாயமேரி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சோபனா வீட்டோடுதான் இருந்தார். வேலையில் சேர்ந்த புதிதிலேயே மாதா சிலை வைத்த கெபி முன்னால் நின்று ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். கூப்பிடுகிற நோயாளியிடம் 'வரமாட்டேன்' என்ற வார்த்தையைச் சாகும்வரை சொல்வதில்லை. சொன்னதும் இல்லை. மழையோ காய்ச்சலோ, சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் செபத்தைச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிவிடுவார். ஊர் ஊராகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். ஒரு வாய்க் காப்பிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். கண் மங்கிய பிறகு அவருக்கு ஸ்கூட்டி ஓட்டியது சோபனாதான்.

அந்த மண்பாதை முடிகிற இடத்தில் பச்சியப்பன் வீடு. சர்க்கரை வியாதி. வலது பாதம் முழுக்கப் புண். எழுந்து நிற்க முடியாது, கயிற்றுக்கட்டிலே கதி. வண்டி வாசலில் நிற்கும்போதே நாற்றம் மூக்கில் ஏறும்... சீழும் டெட்டாலும் கலந்த நாற்றம். கட்டுப் போட்டு முடித்ததும் பெரியம்மாவின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

"நாளைக்கு வருவீங்களா நர்சம்மா?"

"நாளைக்கு வரேங்கண்ணா."

அதைக் கேட்ட பிறகுதான் கையை விடுவார்.

போன மாசியில் அவர் செத்துப்போனார். சேதி கேட்டுப் பெரியம்மா போனார். ஒரு மனிதனைத் திறந்த புண்ணோடு குழியில் இறக்க அவருக்கு மனசு வரவில்லை. பிணத்தின் பாதத்தைக் கழுவித் துடைத்து, புதுத்துணி வைத்துக் கட்டினார். எழுந்தார். கிளம்பும்போது... வாய்ப் பழக்கம் பாருங்கள்...

"நாளைக்கு வரேங்கண்ணா."

ஒப்பாரி சட்டென்று நின்றது. சாவு வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, பேசாமல் இறங்கி நடந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பச்சியப்பன் பெண்சாதி குள்ளம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னங்கம்மா இப்பிடிச் சொல்லிட்டீங்க... பொணத்துக்கிட்டப் போயி!"

பெரியம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சிலுவை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். சோபனாதான் அந்த வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

கொல்லைமேட்டில் புதைத்தார்கள். காரியமும் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் குள்ளம்மாள் சோபனா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"சாயங்காலமானா கட்டில் கிரீச்சுங்குதுங்க. வூடு பூரா அந்த நாத்தம். மக, கொழந்தையத் தூக்கிட்டுப் போயே போயிட்டா. நீங்க ஒருக்கா வந்து, இனிமே வரமாட்டேன்னு சொல்லிடுங்க நர்சம்மா. அந்த ஒரு வார்த்தையில போயிடும்னு பூசாரி சொல்றாருங்க."

பெரியம்மா, நேர்ச்சை இருக்கிறது என்று மறுத்தார். சோபனா கெஞ்சினாள்.

"அவரு இப்ப நோயாளியே இல்ல பெரிம்மா, செத்துட்டாரு. செத்தவருகிட்டச் சொன்னா மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க."

கடைசியில் "சரி, சொல்லிடறேன்" என்றார்.

போனார்கள். குள்ளம்மாள் உள்ளே வர மாட்டேன் என்று வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். பெரியம்மா மட்டும் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சோபனா வாசற்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

கட்டில் கிரீச்... என்றது. அந்த வார்த்தை வரவில்லை. அப்புறம் பஞ்சு உறை கிழிகிற சத்தம், சர்ர்... கத்தரிக்கோல். கிண்ணத்தில் எதுவோ சொத்தென்று விழுந்தது.

பெரியம்மா வெளியே வந்தார். முகத்தில் பயம் இல்லை. மணிக்கட்டில் மட்டும் விரல்கள் பதிந்த சிவப்பு.

"சொல்லிட்டீங்களா?"

"கேக்கறவருகிட்ட எப்படி சோபனா வரமாட்டேன்னு சொல்றது?"

அதற்கப்புறம் தினமும் அதே பாதை. சோபனா வண்டியை எடுக்க மறுத்தால் நடந்தே போனார். பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். ஒன்றும் ஆகவில்லை. உயிரோடு இருக்கிற நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள், அவர்கள் கட்டை மாற்ற ஆள் இல்லை. பெரியம்மா நாளுக்கு நாள் உருகிக்கொண்டே போனார். ஆனால் அந்த வீட்டிலிருந்து திரும்பும்போது மட்டும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"புண்ணு நல்லா ஆறிட்டு வருது சோபனா. காலை ஊனறாரு."

கேட்டீர்களா... காலை ஊன்றுகிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது. பெரியம்மா செபம் சொன்னார். பையைத் தூக்கவில்லை. சோபனாவுக்கு அப்பாடா என்று இருந்தது. தப்பித்தோம் என்றே நினைத்தாள்.

"கெளம்பலையா பெரிம்மா?"

பெரியம்மா எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன் முன்னால் தரையில், கால் கழுவக் கிண்ணத்தில் வெந்நீர் வைத்தார்.

"இனிமே நாம போக வேண்டாம் சோபனா. அவரே நடந்து வந்துடுவாரு."