உள்பக்கம் மட்டும் திறந்த கதவு

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, என் கைப்பிழைகளைப் பொறுத்துப் பழகிய தொலைபேசி நிலையத்து மூத்தவர்களே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் பின்வரிசைத் தோழர்களே, வணக்கம்.

எர்லாங் என்னும் கணினி மொழிக்குள்ளேயே இருக்கும் சின்ன இணைய சர்வரைத் தொடங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் என் தங்கையைப் பற்றிப் பேசப் போகிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பகல் இன்றும் எனக்குப் பாதிக் கனவு. மழை பெய்தது; மாடிகள் மிதந்தன; மருத்துவமனைச் சுவர்கள் மெல்ல மெல்ல மங்கின. வெளி இணையம் அறுந்துவிட்டது. தங்கை காய்ச்சலோடு, யாரும் நுழையக்கூடாத மூன்றாம் மாடி அறையில். குறைமாதத்தில் பிறந்த அவள் மகள் முதல் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். பெற்றவள் இன்னும் பிள்ளை முகம் பார்க்கவில்லை. இரண்டு நாளாக ஒரு வாய் சாப்பிடவும் இல்லை.

அறைத் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, எல்லாரும் சேர்ந்து மறைக்கிறீங்க. குழந்தை இல்லைன்னா சொல்லிடுங்க."

முதல் மாடி வாசலில் நின்ற நான் என்ன செய்வேன்? என் மடிக்கணினியில் எர்லாங் இருந்தது. கட்டடத்துக்குள் வைஃபை இருந்தது. போதாதா? சர்வரை இயக்க அதிலேயே இருக்கும் ஐநெட்ஸ் என்ற நிரல்தொகுப்பை எழுப்பினேன். வாசல் எண், அதாவது போர்ட், எட்டாயிரத்து எண்பது என்றேன். பிறந்தவளுக்கே பெயர் வைக்காத நேரத்தில் சர்வருக்கு ஒரு பெயர் வைத்தேன். அது குடியிருக்க ஒரு ஃபோல்டர், படங்களுக்கு ஒரு ஃபோல்டர். இரண்டும் முன்பே இல்லாவிட்டால் அது எழுந்திருக்காது. ஓகே என்றது திரை. செவிலியர் என் கைபேசியில் எடுத்துத் தந்த படம் கணினியில் மலர்ந்தது.

அவள் தன் கைபேசியில் திறந்து பார்க்க முகவரியைச் சொன்னேன்.

"ஒண்ணும் வரலயே அக்கா."

"எனக்குத் தெரியுதேடி."

"உனக்குத் தெரியும். எனக்கு?"

அங்கே ஒருவர் சிரிக்கிறார். கண்டுபிடித்துவிட்டீர்கள் ஐயா. நிலையத்தில் சோதனை செய்யும்போது வெளியார் கை படக்கூடாது என்று, இந்தக் கணினிக்கு மட்டும் பதில் சொல் என எழுதுவோமே, அந்தப் பழக்கத்தில் அன்றும் எழுதிவிட்டேன். கதவைத் திறந்தேன், உள்பக்கம் மட்டும் திறந்தேன்.

சர்வரை நிறுத்தினேன். யார் கேட்டாலும் பதில் சொல் என்று மாற்றினேன். மறுபடி தொடங்கினேன்.

இப்போது படம் அவளுக்கும் வந்தது. பிறகு, "இது பொறந்தப்ப எடுத்த படம்தானே?"

"கொஞ்சம் பொறு. திரும்பத் திற."

செவிலியர் எடுக்க எடுக்க, பழைய படத்தின் இடத்தில் புதியதை வைத்தேன். அவள் திறந்தாள். மீண்டும் திறந்தாள்.

"அக்கா, இப்பதான் விரல் மூடியிருந்துச்சு. இப்ப விரிச்சிருக்கா."

அழுதாள். நானும் அழுதேன். பிறகு சொன்னாள்: "அக்கா, பசிக்குது."

தோழர்களே, உங்கள் திரையில் தெரிந்ததும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள். மறுபக்கம் காத்திருப்பவரிடம் கேளுங்கள்: தெரிகிறதா?

விரல் விரித்தவள் இதோ முன்வரிசையில் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள். அவளுக்கும், இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கும் என் நன்றி, என் வணக்கம்.