சாம்பல் நிறம் வராத பெயர்

"கலர் வரல அண்ணா. அதனால இறந்துபோனவருக்குப் போன் பண்ணிட்டேன்."

மைசூரில் அக்ரஹாரத்தைத் தாண்டிய நகரப் பேருந்தில், என் முன்னிருக்கைப் பெண் இப்படிச் சொன்னாள். கழுத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டரின் அடையாள அட்டை தொங்கியது. பக்கத்தில் இருந்தவர் அவள் மடியிலிருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். திரையில் நோயாளிகளைக் கூப்பிட வேண்டிய எக்செல் பட்டியல் இருந்தது.

"பேரு சரியா வருதா?"

"அது லுக்கப் ஃபார்முலால வந்துடுது. கலரை மட்டும் மெயின் ஷீட்லேருந்து மேக்ரோ புரோகிராம்தான் காப்பி பண்ணும். இறந்தவங்க பேரு சாம்பல் கலர்ல வரும், அவங்களைக் கூப்பிட மாட்டோம்."

"மெயின் ஷீட்ல மேல புதுசா வரி ஏதாச்சும் சேர்த்தியா?"

"ஹௌது, ஆமா, திங்கக்கிழமை தலைப்புக்கு ஒண்ணு சேர்த்தேன்."

"அதான். மேக்ரோ ஒரு வரி தள்ளி மேல இருக்கறவங்க கலரை எடுக்குது. ஒண்ணு கூட்டினா போதும்."

ஓர் எண்ணை மாற்றி மேக்ரோவை மறுபடி இயக்கினார். திரையில் ஒரு பெயர் சாம்பல் நிறமானது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனை யாரு எடுத்தாங்க?"

"அவர் சம்சாரம். நான் சேர்ந்து ரெண்டு வாரம்தானே, எனக்கு யாரையும் தெரியாது. நாளைக்கு டயாலிசிஸ் இருக்குன்னு சொன்னேன். 'எத்தனை மணிக்கும்மா வரணும்'னு கேட்டாங்க, பழக்கத்துல. ஏழு மணின்னேன். சரிம்மான்னாங்க. அப்புறம்தான், 'அவர் போய் இருபது நாளாச்சும்மா'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அவங்களும் போனை வைக்கல, நானும் வைக்கல."